சாமி இல்லாத நரகம்

என் மாமனார் நரகத்துக்குத்தான் போவார் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அவரே ஒத்துக்கொள்வார். அங்கே என்ன இருக்கும் என்பதில்தான் சண்டை.

மாமா பேர் தங்கச்சாமி. பேரிலேயே சாமி இருக்கிறதே என்று யாராவது கிண்டல் பண்ணினால், "எங்கய்யா வச்ச பேரு, அவருகிட்டப் போய்க் கேளு" என்று வாயை அடைத்துவிடுவார். சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறார். அத்தை சோலையம்மாளும் நானும் தாயில்பட்டிப் பக்கம் ஒரே பட்டாசுக் கம்பெனியில், ஒரே ரூமில் திரி வைக்கிறோம். என் வீட்டுக்காரர் பிரபாகரன் லாரி டிரைவர். லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் போனில்தான் குடும்பம் நடத்துவார். ஆக வீட்டில் மூன்று பேர். மாமாவுக்குச் சாமியே கிடையாது, அத்தைக்கு ஏசு, எனக்கு இருக்கன்குடி மாரியம்மன். ரேஷன் கார்டு மட்டும்தான் மூவருக்கும் ஒன்று.

மாமாவும் முதலில் பட்டாசில்தான் இருந்தார். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு ரொம்ப முன்னால், அவர் இருந்த ரூமில் மருந்து பற்றிக்கொண்டது. முதுகெல்லாம் வெந்து மதுரைப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். பக்கத்துப் படுக்கைக்கு ஜெபிக்க வந்த ஒரு அம்மா மாமாவுக்காகவும் சேர்த்து முழங்கால் போட்டதாம். மாமா பிழைத்துக்கொண்டார். அத்தை அந்த அம்மாவின் பின்னாலேயே ஏசுவிடம் போய்விட்டாள். மாமா அதற்கு முன்பே கறுப்புச்சட்டைக் கூட்டத்துக்கெல்லாம் போய் வந்தவர். "ஊசி போட்டது டாக்டரு, கட்டு மாத்துனது நர்சு, நன்றி மட்டும் வேற ஆளுக்கா?" என்று கேட்டார். அன்றைக்குத் தொடங்கியது இந்த வழக்கு.

அத்தை போகும் ஜெபவீட்டில் முன்பு இருந்த பாஸ்டர் வெளியூர்க்காரர். நரகம் என்றால் நெருப்பு என்பார். நெருப்பு எப்படி எரியும், தோல் எப்படி உரியும் என்று ஒவ்வொன்றாக வர்ணிப்பார். மனுசனுக்குக் கொஞ்சமாவது புத்தி வேண்டாமா? சபையில் இருப்பவர்கள் எல்லாம் பட்டாசிலும் தீப்பெட்டியிலும் வேலை பார்க்கிறவர்கள். வீட்டுக்கு ஒருவருக்காவது தழும்பு உண்டு. அவர் நெருப்பை எடுத்தாலே பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போய்விடுவார்கள். அத்தையும் போவாள். வீட்டுக்கு வந்தால் மாமா சட்டையைக் கழற்றும்போது அவர் முதுகைப் பார்த்தபடி நிற்பாள். ஒரு தடவை வெந்தது போதாதா என்று என்னிடம் கேட்டு அழுதிருக்கிறாள்.

அந்தப் பாஸ்டருக்குப் பின் வந்தவர் இந்த ஊர்ப் பிள்ளை, காளீஸ்வரன். பாஸ்டர் காளீஸ்வரன் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். பேரை மாற்றினால் சர்ட்டிபிகேட் எல்லாம் மாற்ற வேண்டும், கிடைக்கிற சலுகையும் போகும் என்று வீட்டில் தடுத்துவிட்டார்களாம். கர்த்தருக்கு ஆளைத் தெரியும், பேர் எதற்கு என்பார். அவருடைய சொந்த அண்ணன் வெடிவிபத்தில் போனவர். அதனால் அவர் வாயில் நெருப்பு வராது. போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சபையில் சொல்லிவிட்டார்: நரகத்தில் நெருப்பெல்லாம் கிடையாது, கடவுளைப் பிரிந்து இருப்பதுதான் நரகம்.

அத்தை வரும் வழியிலேயே கோழிக்கறி வாங்கிக்கொண்டு வந்தாள். அம்புட்டு சந்தோசம். செருப்பைக்கூடக் கழற்றாமல் மாமா முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க, நரகத்துல நெருப்பு இல்லையாம்."

மாமா பேப்பரில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "யாரு பாத்துட்டு வந்தாக?"

"பாஸ்டரு சொன்னாரு. கர்த்தரைப் பிரிஞ்சு இருக்குறது இருக்குல்ல, அதுதான் நரகமாம். அம்புட்டுத்தான்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

மாமா பேப்பரை மடித்துத் தொடையில் வைத்தார். "அப்ப நான் அங்கனதான் இருக்கேன். எத்தன வருசமா இருக்கேன்! சாப்பிடுறேன், தூங்குறேன், வேலைக்குப் போறேன், எனக்கு என்ன குறை? இங்க பாரு புள்ள, தெரிஞ்ச ஆளைத்தான் பிரிய முடியும். டெல்லியில எவனோ ஒருத்தன் இருக்கான். அவனைப் பிரிஞ்சு நான் ஏங்குறேனா?"

தேங்காய் துருவிக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது.

"இப்பத் தெரியல. அங்க போனாத் தெரியும்" என்றாள் அத்தை.

"போயும் தெரியாட்டி?"

அத்தை கறிப் பையைக் கை மாற்றிப் பிடித்தாள். "தெரியாட்டி உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல. நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுக் கறியோடு அடுப்படிக்குப் போனாள். அன்றைக்கு மாமாவுக்குத்தான் ஈரல் முழுதும்.

ஒரு வாரம் அந்தச் சந்தோசம் தாங்கியது. மாமா இனிமேல் வேகமாட்டார் என்பதே அத்தைக்குப் பெரிய ஆறுதல். ஆனால் சிக்கல் அவளுடைய பக்கத்தில் இருந்து முளைத்தது. ஒருநாள் கம்பெனியில் திரி வைத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கையை நிறுத்தினாள்.

"பொன்மணி, அவருக்கு அங்க ஒண்ணும் ஆகாது, சரி. எனக்கு?"

"உங்களுக்கென்ன அத்தை, நீங்க மேல போயிருவீக."

"மேல அவரு இருக்கமாட்டாருல்ல?"

எங்கள் அம்மனிடம் இந்த மாதிரிப் பிரச்சினையே கிடையாது. கண்ணைக் கொடு, பிள்ளையைக் கொடு, அம்மையை இறக்கு என்று கேட்போம், பொங்கல் வைப்போம், வந்துவிடுவோம். செத்த பிறகு யார் யாரோடு இருப்பது என்று யாரும் இருக்கன்குடியில் போய்க் கேட்பதில்லை.

அந்த வாரம் பாஸ்டர் எங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வந்தபோது அத்தை அவரிடமே கேட்டுவிட்டாள். மாமா வேலைக்குப் போயிருந்தார்.

"மேல கண்ணீரே கிடையாதுன்னு சொல்றீகளே ஐயா. அவரு இல்லாம நான் அழுகாம இருக்கணும்னா, அவரை மறந்தாத்தான் முடியும். அப்ப நான் அவரை மறந்துருவேனா?"

பாஸ்டர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். "எனக்குத் தெரியலக்கா. எங்கண்ணன நினைச்சு நானும் இதைத்தான் யோசிப்பேன். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லமாட்டேன்" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. எங்கள் கோயிலில் குறி சொல்லும் கோடாங்கி ஒருநாளும் தெரியாது என்று சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அத்தை ரொம்ப நேரம் முழங்காலில் இருந்தாள். மாமா மனம் மாற வேண்டும் என்று எப்போதும் போலக் கேட்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் பிரஸ்ஸில் ஒரு தப்பு நடந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் வாக்குத்தத்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். புத்தாண்டு அன்றைக்கு ஜெபவீட்டில் ஒரு பெட்டி நிறையச் சின்ன அட்டைகளைப் போட்டு வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வரி. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். எது வருகிறதோ, அது அந்த வருசத்துக்குக் கர்த்தர் உனக்கென்று சொன்னது. அதை வருசம் முழுக்கப் பர்சில் வைத்துக்கொள்வார்கள். கிளி ஜோசியம் மாதிரியா என்று ஒரு தடவை கேட்டு, அத்தையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கிளி ஜோசியத்தில் கெட்டதும் வரும், இதில் வராது. பெட்டியில் கெட்ட வரி இருக்கவே இருக்காது.

இந்த வருசத்து அட்டைக்கு வரிகளைப் பாஸ்டரே எழுதினார். மாமா வேலை பார்க்கிற பிரஸ்ஸில்தான் ஆர்டர். கூடவே இன்னொரு அட்டையும் அடிக்கச் சொன்னார், பஸ் ஸ்டாண்டில் நின்று வெளியாட்களுக்குக் கொடுப்பதற்கு. அதில் ஒரே வரி: "நான் இல்லாத இடத்தில் நீ இருப்பாய்." படிக்கிறவன் திடுக்கிட்டு இது என்ன என்று கேட்பான், பேச்சு கொடுக்கலாம் என்பது பாஸ்டரின் யோசனை. டிசம்பர் மாதம், காலண்டர் சீசன், மெஷினுக்கு மூச்சுவிட நேரமில்லை. பிரஸ்ஸில் எப்போதும் செய்கிறதுதான், இரண்டு வேலையையும் ஒரே ஷீட்டில் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். இரண்டுக்கும் அதே அளவு, அதே ரோஜாப்பூ, அடியில் அதே ஜெபவீட்டு விலாசம். வெட்டும்போது வரியைப் படித்துத்தான் பிரிக்க வேண்டும்.

மாமாவுக்கோ ஒரு கொள்கை. சாமி சமாச்சாரத்தை வெட்டுவார், படிக்கமாட்டார். முருகன் காலண்டரோ, மாதா படமோ, ஓரம் நேராக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். "படிக்க ஆரம்பிச்சா வெட்ட மனசு வராது, கிழிக்கத்தான் தோணும்" என்று பெருமையாகச் சொல்லுவார். அந்தப் பெருமையில் பஸ் ஸ்டாண்டு அட்டையில் ஒரு பிடி வாக்குத்தத்தக் கட்டோடு போய்விட்டது. நாங்கள் யாரும் அப்போது அறியோம்.

புத்தாண்டு அன்று காலை ஆராதனை முடிந்து அத்தை வந்தாள். மற்ற வருசம் என்றால் வாசலிலேயே அட்டையைப் படித்துக் காட்டுவாள். மாமாவின் மூக்குக்கு நேரே நீட்டுவாள், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அது ஒரு விளையாட்டு. இந்தத் தடவை நேரே உள்ளே போய்ச் சேலை மாற்றினாள்.

"என்ன வந்துச்சு அத்தை?"

"நல்லதுதான்" என்றாள். அத்தோடு சரி.

அன்றையில் இருந்து அத்தை பாடவில்லை.

அத்தை பாட்டைப் பற்றி எங்கள் தெருவில் கேட்டால் தெரியும். அரிசி களையும்போது, துணி துவைக்கும்போது, கம்பெனி வேனில், ரூமில் திரி வைக்கும்போது, எப்போதும் வாயில் ஒரு கீர்த்தனை ஓடிக்கொண்டே இருக்கும். சுருதி என்று ஒன்று கிடையாது. பாட்டு இல்லாத நேரத்தில் ஏசுவோடு பேச்சு. "பாத்தீரா, உப்பு கூடிப்போச்சு" என்பாள். "அந்த வேன்காரனுக்கு நல்ல புத்தியக் குடும்" என்பாள். மாமா வெளியில் இருந்து, "சத்தத்தைக் கொறை, அவருக்குக் காது கேக்கும்" என்று கத்துவார். இதெல்லாம் எங்கள் வீட்டில் மிக்சி ஓடுகிற மாதிரி. அது நின்ற பிறகுதான் வீடு எம்புட்டுப் பெரிசு என்று தெரிந்தது.

சாப்பிடும் முன் கண்ணை மூடுவதை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்றாள், அடுத்த ஞாயிறு முழங்கால் வலி என்றாள். தை முதல் வெள்ளிக்கு நான் இருக்கன்குடி போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வந்தேன். சர்க்கரைப் பொங்கலைத் தூக்குவாளியில் அடுப்படி மூலையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். படைத்த சோற்றை அத்தை தொடமாட்டாள். என்னைத் திட்டவும் மாட்டாள், தொடவும் மாட்டாள், அது எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். குளித்துவிட்டு வந்து பார்த்தால், அத்தை வாளியைத் திறந்து ஒரு கிண்ணத்தில் போட்டுத் தின்றுகொண்டிருக்கிறாள்.

அம்மன் ஜெயித்துவிட்டாள் என்று நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். தலைகூடத் துவட்டாமல் அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தை, அது படைச்சது."

"தெரியும். இனிமே என்ன இருக்கு" என்று இன்னொரு கை அள்ளி வாயில் போட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டு மைக் சத்தம் கேட்கிற நேரத்தில், அத்தை முறத்தை மடியில் வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். விடுவதாக இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது. இடுப்பில் இருந்து பர்சை எடுத்து அட்டையை என் கையில் கொடுத்தாள்.

"நான் இல்லாத இடத்தில் நீ இருப்பாய்."

"அய்யோ அத்தை, இது என்ன இப்பிடி இருக்கு?"

"நான் கேட்டதுதான். அவரை உம்மகிட்டக் கொண்டுவாரும்னு கேட்டுக் கேட்டுப் பாத்தேன், நடக்கல. அவரை மறந்துட்டு மேல இருந்து நான் என்ன செய்ய? அதான், அவரு எங்க போறாரோ அங்கயே என்னையும் விட்ரும்னு கேட்டேன். சரின்னு சொல்லிட்டாரு."

"அப்ப நினைச்சது நடந்துருச்சுல்ல. ஏன் இப்பிடி இருக்கீக?"

அத்தை ஒரு மொச்சையை உரித்தாள். உள்ளே பூச்சி. தூக்கி எறிந்தாள்.

"பேச ஆள் இல்லையே பொன்மணி. உப்பு கூடிப்போச்சுன்னு சொல்ல வாயெடுப்பேன், அந்தப் பக்கம் ஆள் இல்லைன்னு ஞாபகம் வந்துரும். உங்க மாமாவுக்கு என்ன, அவருக்குக் கர்த்தரைத் தெரியாது. எனக்குத் தெரியுமே."

அவள் அழவில்லை. நான்தான் மூக்கை உறிஞ்சினேன்.

சாயங்காலம் மாமா வெளியே போய்விட்டு வந்ததும் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். கேட்டதை எல்லாம் சொன்னேன். அவர் வழக்கம் போல ஓரத்தைத்தான் முதலில் பார்த்தார். "நான் வெட்டுனதுதான்" என்றார். அப்புறம்தான் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது பஸ் ஸ்டாண்டு அட்டைம்மா! மாறிப்போச்சு. பாஸ்டர் தம்பி அன்னைக்கே போன் பண்ணுச்சு, ரெண்டு மூணு பேருக்குத் தப்பா வந்துருச்சுண்ணே, மாத்திக் குடுத்துட்டேன்னு. அதுல இவளும் ஒருத்தியா?"

நேரே அத்தையிடம் போனார். நான் வாசல்படியில் நின்றேன்.

"ஏ புள்ள, இது மிஷின்ல மாறுனது. என் தப்பு. உன் சாமி ஒண்ணும் சொல்லல."

"தெரியும். அங்கனயே ரெண்டு பேரு மாத்திட்டுப் போனாக. பாத்தேன்."

"அப்புறம் என்ன?"

"அவுகளுக்குத் தப்பா வந்துச்சு. எனக்குச் சரியா வந்துச்சு. நான்தானே கேட்டேன்?"

"கேட்டதை எல்லாம் குடுக்குமா? நான் திருந்தணும்னு எம்புட்டு நாளாக் கேட்ட, குடுத்துச்சா?"

"அதுக்குப் பதிலாத்தான் இது."

மாமா விடவில்லை. "உன் சாமி அப்பிடிப்பட்ட ஆளா? இத்தனை வருசம் பாடுனவளை, சோத்துக்கு முன்னாடி கும்புட்டவளை, ஒரு துண்டு அட்டையில போன்னு எழுதி அனுப்பிருமா? அதுக்கு மனச்சாட்சி இல்லையா?" என்று கேட்டார். என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. எங்கள் மாமா ஏசுவுக்கு வக்கீலாக நின்று வாதாடுகிறார்! வாதாடியும் கேஸ் தோற்றது. அத்தை எழுந்து விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு வாரம் மாமா சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் குழாயடியில் கை கழுவும்போது என்னிடம், "அவ பாட்டு நல்லாவாம்மா இருக்கும்?" என்று கேட்டார்.

"சகிக்காது மாமா."

"நிக்காதான்னுதான் நானும் இத்தனை வருசம் நினைச்சேன். இப்ப வீட்டுல ஒக்கார முடியல." சோப்பை இன்னொரு தடவை தேய்த்தார். "நான் சொன்னது சரிதாம்மா. எனக்கு அவ சாமி இல்லாட்டி ஒண்ணும் இல்ல. தெரியாத ஆளு. ஆனா இவளுக்குத் தெரிஞ்ச ஆளா இருந்து இல்லாமப் போயிருச்சு. அதைப் பக்கத்துல இருந்து பாக்குறது இருக்கு பாரு..." குழாயை மூடினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா குளித்துவிட்டுக் கறுப்புச்சட்டையைப் போட்டார். இஸ்திரி போட்டு இருந்தது அது ஒன்றுதான். "கிளம்பு, ஜெபவீட்டுக்குப் போவோம்" என்றார். அத்தை அசையவில்லை. "நான் தனியாப் போகமாட்டேன். துணைக்கு வா" என்றார். எத்தனையோ வருசம் கெஞ்சிக் கூப்பிட்டவள், அவர் கூப்பிடும்போது எப்படி மறுப்பாள்? நானும் பின்னாலேயே போனேன். மாரியம்மன் கோபித்துக்கொள்ளமாட்டாள், இது குடும்ப விசயம்.

கறுப்புச்சட்டை உள்ளே நுழைந்ததும் சபையில் பாதிப்பேர் ஸ்தோத்திரம் என்று கையைத் தூக்கிவிட்டார்கள். பாஸ்டருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி" என்றார் மாமா. "அந்த அட்டைப் பெட்டியை எடுங்க. நான் ஒண்ணு எடுக்கணும்."

பெட்டி என்றால் பழைய பிஸ்கட் தகர டின். பாஸ்டர் கொண்டுவந்து வைத்தார். "கெட்டதை எல்லாம் பொறுக்கி எடுத்துட்டேன் அண்ணே. இதுல இருக்கது பூராம் நல்லதுதான், தைரியமா எடுங்க."

"பூராம் நல்லதுன்னா இவ ஒத்துக்கமாட்டா" என்று அத்தை பக்கம் திரும்பினார். "உன் அட்டையை எடு."

அத்தை பர்சைத் திறந்து கொடுத்தாள். மாமா அதை எல்லாருக்கும் தெரிகிற மாதிரித் தூக்கிக் காட்டிவிட்டு டின்னுக்குள் போட்டார். பாஸ்டரைக் குலுக்கச் சொன்னார்.

"இங்க பாரு புள்ள. நான் எங்க போறேனோ அங்க வரணும்னுதானே நீ கேட்ட?"

"ஆமா."

"அப்ப எனக்கு என்ன வருதோ, அதுதான் ரெண்டு பேருக்கும். சரியா?"

அத்தை யோசித்தாள். கணக்கில் ஓட்டை இருக்கிறதா என்று தேடினாள் போல. "உங்களுக்கும் அதே அட்டை வந்தா?"

"வந்தா ரெண்டு பேருக்கும் சாமி இல்ல. உப்பு கூடிப்போச்சுன்னா என்கிட்டச் சொல்லு. நான் கேக்குறேன்."

அத்தை தலையாட்டினாள்.

கண்ணை மூட வேண்டும் என்றார் பாஸ்டர். மாமா மூடினார். கையை டின்னுக்குள் விட்டார்.

கட்டிங் மெஷின் ஓட்டுகிறவருக்குக் கை நடுங்கக் கூடாது. நடுங்கினால் விரல் போய்விடும். மாமா கையைப் பற்றிப் பிரஸ்ஸில் பெருமையாகப் பேசுவார்கள். உள்ளே இருப்பதில் ஒன்றே ஒன்றுதான் கெட்டது, மற்றதெல்லாம் நல்லது, அதுவும் அவருக்குத் தெரியும். ஆனால் கையில் கட்டியிருந்த வாட்ச் டின்னின் விளிம்பில் பட்டுத் தடதட என்று அடித்தது. நிற்கவே இல்லை. ஜெபவீடு முழுக்க அந்தச் சத்தம்தான் கேட்டது. ஒரு ஸ்தோத்திரம் இல்லை, ஒரு இருமல் இல்லை.

ஒன்றை எடுத்தார். பாஸ்டர் வாங்கக் கையை நீட்டினார். மாமா கொடுக்கவில்லை. இத்தனை வருசத்தில் எத்தனையோ லட்சம் சாமி அட்டையை வெட்டியவர், முதல் தடவையாக ஒன்றைத் தானே படித்தார். சத்தமாகப் படித்தார்.

"இந்த வருடம் உன் வீட்டில் நான் குடியிருப்பேன்."

அட்டையின் ஓரத்தை விரலால் தடவினார். அப்புறம், "வாடகை எம்புட்டுத் தருவாராம்னு கேளுங்க தம்பி" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பாஸ்டர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். மாமா அட்டையை அத்தை கையில் வைத்துவிட்டு, பாட்டு ஆரம்பிப்பதற்குள் வெளியே போய்விட்டார்.

திரும்பி வரும்போது அவர் முன்னால் போக, நானும் அத்தையும் பின்னால் நடந்தோம்.

"நல்ல அட்டையா வந்துச்சுல்ல அத்தை? நான் பயந்தே போனேன்."

"அட்டையை யாரு பாத்தா?" என்றாள் அத்தை. "எனக்கு ஒண்ணும் இல்ல, எனக்கு ஒண்ணும் இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச மனுசன். ஒண்ணும் இல்லாத கையா அப்பிடி நடுங்கும்?"

அவர் நடுங்கியது உங்களுக்காக, ஏசுவுக்காக இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. மாமாவிடம் கேட்டால் அவரும் அதைத்தான் சொல்லுவார். உண்மையும் அதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அத்தை முகத்தைப் பார்த்தபோது, அந்த வித்தியாசம் அவளுக்கும் தெரியும், அந்த நடுக்கமே அவளுக்குப் போதும் என்று பட்டது.

வீட்டுக்கு வந்ததும் நான் பொங்கல் தூக்குவாளியை இன்னொரு தடவை கழுவி வெயிலில் கவிழ்த்தேன். மாமா சட்டையைக் கழற்றிவிட்டுப் பேப்பரோடு வாசலில் உட்கார்ந்தார். உள்ளே அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தாள். முதலில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெல்ல, சண்டை போட்டவர்கள் முதல் வார்த்தை பேசுகிற மாதிரி, அத்தை குரல்.

"டின்னுல தட்டுன சத்தம் உமக்குக் கேட்டுச்சுல்ல? அதைக் கணக்குல வச்சுக்கிரும். பின்னாடி மறந்துட்டேன்னு சொல்லக்கூடாது."

நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். சத்தத்தைக் குறை என்று அவர் சொல்லவில்லை.